பாப் இங்கிலிஸைத் தோற்கடித்தது யார்? கொதிக்கும் வாக்காளர்களும் நடுவில் நிற்கும் அரசியல்வாதிகளும்

கிரீர்வாசி (இழையைத் தொடங்கியவர்)

தென் கரோலினாவில் கிரீர் பக்கம் இருக்கிறேன். பி.எம்.டபிள்யூ ஆலை இருக்கிற ஊர் என்றால் நம்மவர்கள் பலருக்குத் தெரியும். அமெரிக்க அரசியலில் வெறுப்பு முற்றிய கதையைப் பேச வந்தால் எல்லாரும் டிரம்ப்பில்தான் ஆரம்பிக்கிறார்கள். எங்கள் தொகுதியின் கதை அதற்கும் முந்தியது.

பாப் இங்கிலிஸ், குடியரசுக் கட்சி. 1992-இல் முதலில் ஜெயித்து ஆறு வருஷம், பிறகு 2005-இலிருந்து இன்னொரு ஆறு வருஷம் கிரீன்வில், ஸ்பார்டன்பர்க் பகுதிக்குக் கீழ்சபை உறுப்பினராக இருந்தவர். கருக்கலைப்பை எதிர்த்தவர், துப்பாக்கி உரிமைக்குத் துணை நின்றவர். பழமைவாத அமைப்பு போடும் மதிப்பெண்ணில் 90-க்கு மேல் வாங்கியவர். கொள்கையில் இங்குள்ள கட்சிக்காரர்களுக்கு அவ்வளவு நெருக்கமானவர்.

ஆனால் 2007-இல் இராக்குக்குக் கூடுதல் படை அனுப்புவதற்கு எதிரான தீர்மானத்தை ஆதரித்து ஓட்டளித்தார். 2008-இல் வங்கிகளைக் காப்பாற்றும் சட்டத்துக்கு ஆதரவு கொடுத்தார். பருவநிலை மாற்றம் உண்மை என்று சொல்லி 2009-இல் கார்பன் வரி மசோதா கொண்டுவந்தார். அதே வருஷம் செப்டம்பரில் ஒபாமா பேசிக்கொண்டிருக்கும்போது "நீ பொய் சொல்கிறாய்" என்று கத்திய ஜோ வில்சனைக் கண்டித்து தீர்மானம் வந்தது. வில்சன் இதே மாநிலத்துக்காரர், இதே கட்சி. தீர்மானத்துக்கு ஆதரவாக ஓட்டுப் போட்ட குடியரசுக் கட்சியினர் ஏழே பேர். இங்கிலிஸ் அவர்களில் ஒருவர்.

2009 கோடையில் மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தை ஒட்டி நாடு முழுவதும் டவுன் ஹால் கூட்டங்கள் (பிரதிநிதி தன் தொகுதி மக்களை நேரில் சந்திப்பவை) கொதித்தன. இங்கிலிஸ் கூட்டத்தில் ஒருவர் எழுந்து, "என் மெடிகேரில் அரசாங்கம் கை வைக்கக் கூடாது" என்றார். மெடிகேர் என்ற முதியோர் மருத்துவக் காப்பீடே அரசாங்கத் திட்டம்தான் என்று இங்கிலிஸ் பொறுமையாக விளக்கிப் பார்த்தார், மனிதர் ஏற்கவில்லை. இன்னொரு கூட்டத்தில், உங்களை இவ்வளவு பயமுறுத்துவது எது என்று கேட்டார். தொலைக்காட்சித் தொகுப்பாளர் கிளென் பெக்கின் நிகழ்ச்சி என்று பதில் வந்தது. "அவர் வரும்போது டிவியை அணைத்துவிடுங்கள்" என்றார். அரங்கமே கூச்சல் போட்டது.

பின்னால் ஒரு பேட்டியில் அவரே சொன்ன சம்பவம் இன்னும் கலங்க வைக்கும். நன்கொடை தந்த சில ஆதரவாளர்களைப் பார்க்கப் போயிருக்கிறார். அவர்கள் சொன்னார்களாம்: சோஷியல் செக்யூரிட்டி அட்டையின் பின்பக்கம் ஓர் எண் இருக்கிறது, பிறந்ததும் உங்களை எந்த வங்கி விலைக்கு வாங்கியது என்று அதில் தெரியும், உங்கள் வாழ்நாள் சம்பாத்தியம் அவர்களிடம் அடமானம். முன்பு அவருக்கே பணம் தந்தவர்கள் இவர்கள். தெருவில் போகிற யாரோ இல்லை.

2010 ஜூன் மாத பிரைமரியில், அதாவது கட்சிக்குள் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் தேர்தலில், இங்கிலிஸ் இரண்டாம் இடத்துக்குப் போனார். இரண்டாம் சுற்றில் டிரே கௌடி சுமார் 70 சதவீத ஓட்டு வாங்கி அவரை வீட்டுக்கு அனுப்பினார். பதவியில் இருந்த ஒருவருக்கு இப்படி ஒரு தோல்வி.

கோபம் வந்ததில் எனக்கு ஆச்சரியம் இல்லை. இந்தப் பகுதியில் துணி ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன, 2008-க்குப் பிறகு வேலை போனவர்கள் ஏராளம். அந்தக் கோபம் எதிர்க்கட்சிக்காரரை விட்டுவிட்டு, நூற்றுக்குத் தொண்ணூறு விஷயத்தில் ஒத்துப்போகும் சொந்தக் கட்சிக்காரர் மேல் ஏன் பாய்ந்தது? என் கணிப்பு: கொள்கை மாறியதற்காக அவரைத் தண்டிக்கவில்லை. எதிரியை வெறுக்க மறுத்ததற்காகத் தண்டித்தார்கள். ஒபாமாவை சோஷலிஸ்ட் என்று சொல்ல மாட்டேன் என்று நின்றவர் அவர்.

பட்டுக்கோட்டை ரவி

நல்ல இழை அண்ணா. ஒரு சந்தேகம். கட்சித் தீர்மானத்துக்கு எதிரா ஓட்டுப் போட்டா அங்க பதவி பறிபோகாதா? நம்ம ஊர்ல கொறடா உத்தரவை மீறினா கட்சித்தாவல் சட்டத்துல சீட்டே போயிடுமே.

தேர்தல்பித்தன்

ரவி, இங்கே அந்தச் சட்டம் கிடையாது. 1985-இல் இந்தியாவில் வந்த மாதிரி ஒன்று அமெரிக்காவில் இல்லவே இல்லை. கட்சிக்கு எதிராக எத்தனை முறை வேண்டுமானாலும் ஓட்டுப் போடலாம். அதற்காகப் பதவி போகாது. வேட்பாளர் யார் என்று முடிவு செய்வது தலைமை இல்லை, பிரைமரியில் ஓட்டுப் போடும் சாதாரண ஜனங்கள். அதனால் தண்டனையும் அவர்கள் கையில்.

அதில் எத்தனை பேர் ஓட்டுப் போடுகிறார்கள் என்பதுதான் விஷயம். டெலவேர் மாநிலத்தைப் பாருங்கள். மைக் காசில் முன்னாள் கவர்னர், பிறகு பதினெட்டு வருஷம் கீழ்சபை உறுப்பினர். 2010-இல் செனட் சீட்டுக்குக் கட்சியின் பிரைமரியில் நின்றார். அந்த மாநிலத்தில் சுமார் 9 லட்சம் ஜனம். குடியரசுக் கட்சியில் பதிவு செய்தவர்கள் மட்டுமே ஓட்டுப் போடலாம். மொத்தம் விழுந்தது ஏறக்குறைய 57,500 ஓட்டு. கிறிஸ்டின் ஓ'டானல் சுமார் 30,500, காசில் சுமார் 27,000. மூவாயிரத்துச் சொச்சம் ஓட்டில் ஒரு நீண்ட அரசியல் வாழ்க்கை முடிந்தது. நவம்பரில் ஓ'டானல் 40 சதவீதம் வாங்கி ஜனநாயகக் கட்சியின் கிறிஸ் கூன்ஸிடம் தோற்றார். அந்த சீட் குடியரசுக் கட்சிக்கு இன்றுவரை கிடைக்கவில்லை.

கிரீர்வாசி

காசில் பெயர் வந்ததால் அந்த வீடியோவைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2009 கோடையில் ஜார்ஜ்டவுன் ஊரில் கூட்டம். சிவப்புச் சட்டைப் பெண்மணி ஒருவர் எழுந்து, ஒரு கையில் பிளாஸ்டிக் உறையில் போட்ட தன் பிறப்புச் சான்றிதழ், கூடவே சின்ன தேசியக்கொடி. தன் அப்பா இரண்டாம் உலகப் போரில் சண்டை போட்டவர் என்கிறார். ஒபாமா கென்யாக்காரர், என் நாடு எனக்குத் திரும்ப வேண்டும் என்கிறார். கைதட்டல் காதைப் பிளக்கிறது. காசில் மென்மையாக, "அவர் அமெரிக்கக் குடிமகன்தான்" என்று ஒரே வரி சொல்கிறார். உடனே கூச்சல். அடுத்து அந்தப் பெண்மணி எல்லாரும் எழுந்து தேசிய உறுதிமொழி சொல்ல வேண்டும் என்கிறார். அரங்கம் எழுகிறது. காசிலும் நெஞ்சில் கைவைத்துச் சொல்கிறார்.

அந்த இடத்தில் அவரால் வேறு என்ன செய்திருக்க முடியும் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். உண்மையைச் சொல்லிவிட்டார், அதற்கு மேல் மேடையில் அவருக்கு எந்தப் பிடியும் இல்லை.

இதற்கு முந்தின வருஷம் மின்னசோட்டாவில் லேக்வில் கூட்டத்தில், ஒபாமாவை எதிர்த்து நின்ற குடியரசுக் கட்சி அதிபர் வேட்பாளர் மெக்கெய்ன் செய்ததும் இதுதான். ஒபாமா ஓர் அரபு என்று சொன்ன பெண்மணியிடமிருந்து மைக்கை வாங்கி, "இல்லை அம்மா, அவர் கண்ணியமான குடும்பஸ்தர், எனக்கும் அவருக்கும் கருத்து வேறுபாடு, அவ்வளவுதான்" என்றார். அவரது சொந்தக் கூட்டத்திலேயே எதிர்ப்புக் குரல் எழுந்தது. அது 2008 அக்டோபர்.

ஹூஸ்டன் கலா

எழுதியதெல்லாம் சரி, ஆனால் ஒரு பக்கமாகப் போகிறது. கூட்டத்தில் எழுந்து கத்துகிறவர்கள் எல்லாம் விவரம் தெரியாத முரடர்கள் என்ற தொனி எனக்குப் பிடிக்கவில்லை.

2017-ஐ நினைத்துப் பாருங்கள். ஒபாமா காப்பீட்டுச் சட்டத்தை ரத்து செய்ய குடியரசுக் கட்சி கிளம்பியது. அப்போது டவுன் ஹால்களில் எழுந்து நின்றவர்கள் யார்? புற்றுநோய் வந்தவர்கள், பிள்ளைக்கு நாள்பட்ட நோய் உள்ள பெற்றோர். ஏற்கெனவே நோய் உள்ளவருக்குக் காப்பீடு மறுக்கலாம் என்ற பழைய நிலை திரும்பிவிடுமோ என்ற பயம். கலிபோர்னியாவில் டாம் மெக்ளின்டாக் போலீஸ் பாதுகாப்போடு வெளியேற வேண்டியிருந்தது. யூட்டாவில் ஜேசன் சேஃபெட்ஸை "உன் வேலையைச் செய்" என்று கோஷம் போட்டே திணறடித்தார்கள். அந்த அழுத்தம் இல்லாமல் ஜூலை 28 விடியற்காலையில் மெக்கெய்ன் கட்டைவிரலைக் கீழே காட்டியிருப்பாரா? 49-க்கு 51 என்று அந்த மசோதா செத்தது.

பயந்துபோன பிரதிநிதிக்கு அது தொந்தரவு. மருந்துச் செலவுக்கு வழி தெரியாதவருக்கு அது ஒன்றுதான் வழி. நடுவில் நிற்பவர் என்பதற்காகவே ஒருவரைத் தூக்கிவைத்துக் கொண்டாட வேண்டுமா?

அனு மெய்ன்

கலா அக்கா சொன்னதில் பெரிய உண்மை இருக்கு. அதே கதையின் மறுபாதியை நான் இங்கிருந்து பார்த்தேன்.

எங்கள் செனட்டர் சூசன் காலின்ஸ் அந்த 2017 ஓட்டெடுப்பில் சொந்தக் கட்சிக்கு எதிராக நின்ற மூவரில் ஒருவர் (மெக்கெய்ன், அலாஸ்காவின் லிசா மர்கோவ்ஸ்கி மற்ற இருவர்). ஊர் திரும்பி பாங்கோர் விமான நிலையத்தில் இறங்கி நடந்தபோது அங்கிருந்த பயணிகள் எழுந்து கைதட்டினார்கள். அடுத்த வருஷம் அக்டோபரில் உச்ச நீதிமன்ற நீதிபதியாக கேவனோ நியமனத்துக்கு ஆதரவாக ஓட்டளித்தார். அதே மாதம் பாங்கோரில் அவர் வீட்டுக்கு, உள்ளே ரைசின் விஷம் இருப்பதாக ஒரு கடிதம் வந்தது. ஊழியர்கள் போனை எடுத்தாலே வசை.

கேவனோ விஷயத்தில் நானும் அவர் மேல் கடும் கோபத்தில் இருந்தேன், இன்னும் இருக்கிறேன். அந்த ஓட்டு தவறு என்றே நினைக்கிறேன். ஆனால் என் தோழி ஒருத்தி, காப்பீட்டுச் சட்டம் தப்பித்த அன்று காலின்ஸ் அலுவலகத்துக்கு நன்றி அட்டை எழுதியவள், பதினைந்து மாதம் கழித்து "அவளுக்கு நல்லா வேணும்" என்று சொன்னாள். எதிர்த்து ஓட்டுப் போடு, தெருவில் நில், தோற்கடி. அதற்கும் இதற்கும் நடுவில் இருக்கிற கோடு எங்கே மறைந்தது என்றுதான் எனக்குப் புரியவில்லை.

2020-இல் கருத்துக்கணிப்பெல்லாம் தோற்பார் என்றது. 51-க்கு 42 என்று ஜெயித்தார். டிரம்ப் அந்த மாநிலத்தில் தோற்ற அதே நாளில்.

வல்வை லண்டன்

இங்க இங்கிலாந்திலயும் இது நடந்தது. எங்கட ஆக்களுக்கு இது சும்மா அரசியல் கதை இல்லை. குடிவரவைப் பார்க்கிற ஹோம் ஒஃபிஸின்ர கடிதம் வராட்டி, அசைலம் கேஸ் இழுபட்டால், முதலில் போறது எம்.பி.யின்ர சேர்ஜரிக்குத்தான், அதாவது தொகுதிச் சனத்தை அவர் நேரில சந்திக்கிற இடத்துக்கு. வெள்ளிக்கிழமை பின்னேரம் நூலகத்திலோ தேவாலய மண்டபத்திலோ ஒரு மேசை, நாலு கதிரை. பேரைச் சொல்லிப்போட்டு வரிசையில இருந்தால் காணும். இங்கிலீஷ் தடுமாறுற அம்மாமாரும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய் நேரா எம்.பி.யோட கதைச்சவை.

2016 ஜூன் 16, பிரெக்சிற் வாக்கெடுப்புக்கு ஒரு கிழமை இருக்க, ஜோ கொக்ஸை பேர்ஸ்டல் நூலகத்துக்கு முன்னால சேர்ஜரிக்கு வந்த இடத்தில கொலை செய்தாங்கள். செய்தவன் வலதுசாரித் தீவிரவாதி. 2021 ஒக்டோபர் 15, டேவிட் அமெஸ் லீ-ஒன்-சீ தேவாலயத்தில சேர்ஜரி நடத்திக்கொண்டிருக்கேக்க குத்திக் கொல்லப்பட்டார். அது இஸ்லாமியத் தீவிரவாதி ஒருத்தன் செய்தது, கட்சிப் பகை இல்லை. இரண்டையும் ஒண்டாய்ப் போட்டுக் குழப்பக்கூடாது. ஆனால் விளைவு ஒண்டுதான். இப்ப எங்கட எம்.பி.யைப் பார்க்க முதலிலேயே ஈமெயில் போட்டு, விலாசம் குடுத்து, அவையள் சரிபார்த்த பிறகுதான் எங்கே வரவேணும் எண்டே சொல்லுவினம். வாசலில காவலாளி. கோபத்தால முதலில அடிபடுறது அந்த வரிசையில இருக்கிற ஏழைச் சனம்.

பிரெக்சிற்றை எதிர்த்த அனா சூப்ரி எண்ட கொன்சர்வேற்றிவ் எம்.பி.யை 2019 தொடக்கத்தில பாராளுமன்ற வாசலிலேயே "நாஸி" எண்டு கத்திக்கொண்டு பின்னாலேயே போனாங்கள். அந்த வருஷம் செப்ரெம்பரில தன்ர அரசாங்கத்துக்கு எதிரா வாக்களிச்ச 21 எம்.பி.மாரை பிரதமர் பொரிஸ் ஜோன்சன் கட்சிக் குழுவில இருந்து ஒரேயடியா வெளியில போட்டார்.

தேர்தல்பித்தன்

பகை எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்பதற்கு இரண்டு கணக்கு.

1960-இல் அமெரிக்கர்களிடம், உங்கள் பிள்ளை எதிர்க்கட்சிக்காரரைக் கல்யாணம் செய்தால் வருத்தப்படுவீர்களா என்று கேட்டார்கள். ஆமாம் என்றவர்கள் குடியரசுக் கட்சியில் 5, ஜனநாயகக் கட்சியில் 4 சதவீதம். 2010-இல் அதே மாதிரிக் கேள்விக்கு 49, 33. சம்பந்தம் வைத்துக்கொள்ள இனம், மதம் பார்த்த சமூகம் இப்போது கட்சி பார்க்கிறது. பியூ என்ற ஆய்வு நிறுவனத்தின் கணக்கில் எதிர்க்கட்சி மேல் மிகக் கடுமையான வெறுப்பு உள்ளவர்கள் 1994-இல் இரு பக்கமும் 16, 17 சதவீதம். 2014-இல் 38, 43. இதெல்லாம் டிரம்ப் களத்துக்கு வருவதற்கு முந்தைய எண்கள். கிரீர்வாசி அண்ணன் சொன்னதற்கு இதுவே சான்று.

இரண்டாவது: காங்கிரஸ் (அமெரிக்கப் பாராளுமன்றம்) உறுப்பினர்களுக்கு எதிரான மிரட்டல் தொடர்பாக அதன் காவல் பிரிவான கேபிடல் போலீஸ் ஆராய்ந்த வழக்குகள் 2017-இல் 3,939. 2021-இல் 9,625. 2024-இல் 9,474.

இந்த வெறுப்பைக் காசாக்குகிற கட்சி இயந்திரங்களும் இருக்கின்றன, அது இரு பக்கமும் உண்டு. மிச்சிகனில் பீட்டர் மெய்யர், டிரம்ப்பைப் பதவிநீக்கம் செய்ய ஓட்டளித்த பத்து குடியரசுக் கட்சியினரில் ஒருவர். 2022 பிரைமரியில் அவரை எதிர்த்து நின்றது தீவிர டிரம்ப் ஆதரவாளர். அந்தத் தீவிரருக்கு உதவும் விளம்பரத்துக்கு நாலு லட்சம் டாலருக்கு மேல் செலவழித்தது ஜனநாயகக் கட்சி! பொதுத்தேர்தலில் தீவிரரைத் தோற்கடிப்பது சுலபம் என்ற கணக்கு. மெய்யர் தோற்றார், நவம்பரில் ஜனநாயகக் கட்சி சீட்டைப் பிடித்தது. மனசாட்சிப்படி ஓட்டுப் போட்டவரை எதிர்த்தரப்பே குழி தோண்டிப் புதைத்தால், அடுத்த முறை எவர் துணிவார்?

பட்டுக்கோட்டை ரவி

அந்தப் பத்துப் பேர்ல எத்தனை பேர் மிஞ்சுனாங்க?

தேர்தல்பித்தன்

இரண்டே பேர். கலிபோர்னியாவின் டேவிட் வலடேயோ, வாஷிங்டன் மாநிலத்தின் டான் நியூஹவுஸ். நாலு பேர் நிற்கவே இல்லை. நாலு பேர் பிரைமரியில் தோற்றார்கள். லிஸ் சேனி வயோமிங்கில் வாங்கியது 29 சதவீதம்.

தப்பிய இருவர் மாநிலத்திலும் ஒரு பொது அம்சம்: கட்சிக்கொரு பிரைமரி கிடையாது. எல்லா வேட்பாளரும் ஒரே சீட்டில், எல்லா வாக்காளரும் ஓட்டளிக்கலாம், முதல் இருவர் நவம்பருக்குப் போவார்கள். செனட்டில் பதவிநீக்கத்துக்கு ஓட்டளித்த மர்கோவ்ஸ்கியும் 2022-இல் தப்பியது அலாஸ்கா அதே வழியில் முறையை மாற்றியதால்தான். அங்கே முதல் நால்வர்.

ஹூஸ்டன் கலா

முறையை மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்பது எனக்கு ஒப்பவில்லை. அதே வாஷிங்டன் மாநிலம், அதே முறை, அதே பத்துப் பேரில் ஒருவரான ஹைமி ஹெரேரா பியூட்லர் சுமார் ஆயிரம் ஓட்டில் மூன்றாம் இடத்துக்குத் தள்ளப்பட்டாரே? கிரீர்வாசி சார், உங்கள் தென் கரோலினாவிலேயே கட்சிப் பதிவு கிடையாதே. யார் வேண்டுமானாலும் எந்தக் கட்சி பிரைமரியிலும் ஓட்டுப் போடலாம். அப்படியிருந்தும் இங்கிலிஸ் 70-க்கு 30 என்று தோற்றார். கதவு திறந்தே இருந்தது, அவருக்காக யாரும் வரவில்லை.

கிரீர்வாசி

கலா, இந்த இழையிலேயே கூர்மையான கேள்வி இது. சொல்கிறேன்.

கதவு திறந்திருந்தது உண்மை. ஆனால் ஜூன் மாதம், வெயில், பள்ளி விடுமுறை. முதல் சுற்றில் ஜனநாயகக் கட்சி பிரைமரியில் ஓட்டுப் போட்டவர், இரண்டாம் சுற்றில் குடியரசுக் கட்சிப் பக்கம் வர முடியாது. இங்கிலிஸை மதித்த ஜனநாயகக் கட்சிக்காரர்கள் எனக்குத் தெரிந்தே உண்டு. அவர் பேச்சை மெச்சினார்கள், ஓட்டுப் போடும் எண்ணமே அவர்களுக்கு வரவில்லை. நடுவில் நிற்பவருக்கு ரசிகர்கள் கிடைப்பார்கள், தொண்டர்கள் கிடைப்பதில்லை. அவரை வெறுப்பவர்களோ வீட்டுக்கு வீடு போய்க் கதவு தட்டுவார்கள். அதனால் முறையை மாற்றினால் போதும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் முறை கொஞ்சம் வாசலைத் திறந்தால்தான் மீதியைச் செய்ய முடியும். 2024-இல் அலாஸ்காவில் அந்த முறையை ரத்து செய்யும் முயற்சி ஆயிரத்துக்கும் குறைவான ஓட்டில் தோற்றது. அதே நாளில் நெவாடா, ஐடஹோ, கொலராடோ மூன்றும் அதைப் போன்ற முறை வேண்டாம் என்று ஓட்டளித்தன. ஜனங்களே தயங்குகிறார்கள்.

இன்னொரு பக்கம், பிரதிநிதிகள் கூட்டம் போடுவதையே விட்டுவிடுகிறார்கள். 2025 மார்ச்சில் குடியரசுக் கட்சியின் கீழ்சபைப் பிரசாரத் தலைவர் ரிச்சர்ட் ஹட்சன், நேரடி டவுன் ஹால் வேண்டாம் என்று தன் கட்சியினருக்கு ஆலோசனை சொன்னார். அதே மாதம் ஜனநாயகக் கட்சியின் செனட் தலைவர் சக் ஷூமர், அரசு முடங்காமல் இருக்க செலவு மசோதாவுக்கு வழிவிட்டதற்காக சொந்தக் கட்சியினரின் ஆத்திரத்தில் சிக்கி, புத்தக அறிமுகக் கூட்டங்களைத் தள்ளிவைத்தார். ஜூன் கடைசியில் வட கரோலினாவின் டாம் டில்லிஸ், நெப்ராஸ்காவின் டான் பேக்கன், இருவரும் அடுத்தடுத்து இனி நிற்கவில்லை என்றார்கள். கலா சொன்ன அந்தப் புற்றுநோயாளி எழுந்து கேட்க இனி மேடையே இருக்காது. கண்ணியமானவர் ஒதுங்குவார், காது கேளாதவர் தங்குவார்.

அனு மெய்ன்

இங்கிலிஸ் இப்போ என்ன செய்கிறார் அண்ணா?

கிரீர்வாசி

கட்சியை விட்டுப் போகவில்லை. 2012-இலிருந்து பழமைவாதிகளிடமே பருவநிலை மாற்றம் பற்றிப் பேசும் ஓர் அமைப்பை நடத்துகிறார். அவரைக் கூச்சல் போட்டுத் துரத்திய அதே வகை கூட்டங்களுக்குப் போய்ப் பேசுகிறார். 2015-இல் கென்னடி நூலகத்தின் துணிவு விருது கிடைத்தது.

ஹூஸ்டன் கலா

டெக்சாஸிலும் கட்சிப் பதிவு கிடையாது. பிரைமரி மார்ச் மாதமே வந்துவிடுகிறது, இரண்டாம் சுற்று மே. குடியுரிமை வாங்கிய நம் ஆட்கள் பலர் நவம்பருக்கு மட்டும் போகிறார்கள். எங்கள் பக்கத்தில் பாதித் தொகுதிகளில் மார்ச்சிலேயே முடிவு தெரிந்துவிடும். தமிழ்ச் சங்கக் குழுவில் இதை எழுதிப் போடுகிறேன், எந்தக் கட்சி என்று சொல்லாமல்.

எங்கள் பிரதிநிதி மறுபடி கூட்டம் போட்டால் நான் போவேன், குரலை உயர்த்திக் கேட்கவும் தயங்க மாட்டேன். கேள்வி தயாராக இருக்கிறது: "உங்கள் கட்சிக்கு எதிராக நீங்கள் கடைசியாகப் போட்ட ஓட்டு எது, ஏன் போட்டீர்கள்?" நேராகப் பதில் சொன்னால், அந்த ஓட்டு எனக்குப் பிடிக்காத ஓட்டாகவே இருந்தாலும் கைதட்டுவேன். மழுப்பினால் திரும்பவும் அதையே கேட்பேன்.